பதினைந்து

பத்து இலட்சம் துளியில் பதினைந்து துளி.
கடலுக்கு அவ்வளவு எண்ணெய் கொடுக்கலாம் என்பது சட்டம்.
மிஞ்சினால் செப்பரேட்டர் கத்தும்,
வால்வு மூடிக்கொள்ளும்,
தண்ணீர் கப்பலின் அடிவயிற்றுக்கே திரும்பும்.

நாங்கள் அதைக் கத்தவிடவில்லை.
மானியின் வாயில் குடிதண்ணீர்க் குழாயைச் செருகினோம்.
அது நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டு
இரண்டு, மூன்று, இரண்டு என்று
பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.
பக்கத்தில் நான்கு போல்ட், ஒரு ரப்பர் ஹோஸ்.
அதற்குள்ளால் போனது கறுப்பு.

போல்ட் கழற்றியது ரொமெல்.
டோர்ச் பிடித்தது நான்.
சொன்னது சீஃப்.
சீஃபுக்குச் சொன்னது ஒரு மின்னஞ்சல்:
கழிவெண்ணெயைத் துறைமுகத்தில் இறக்க
இந்தக் காலாண்டில் பணம் இல்லை.
அதில் கடல் என்ற சொல்லே கிடையாது.
தயவுசெய்து என்பது இரண்டு இடத்தில் இருந்தது.

ஹால்தியாவிலிருந்து தெற்கே இறங்குகிற வழி.
இரவு இரண்டரை. மூச்சு முட்டி மேல்தட்டுக்கு வந்தேன்.
வலப்பக்கம் ஒலுவில் வெளிச்சவீடு
விட்டுவிட்டு மின்னியது.
போனில் ஒரு கோடு விழுந்தது.
பழைய செய்திகள் மொத்தமாய் வந்து குவிந்தன.
ரினோஸா: கீரி மலிவு. ரெண்டு கிலோ எடுத்தன்.
ரினோஸா: அஸ்காக்கு முன்பல் விழுந்திட்டு.
ரினோஸா: எங்க இரிக்கீங்க?
உனக்கு நேரே, என்று எழுதினேன்.
அழித்தேன்.
கோடும் போய்விட்டது.

கீழே வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
நாள், நேரம், எத்தனை கனமீற்றர்.
பதினைந்து பிபிஎம் கருவி ஊடாக.
அகலாங்கு எழுதும்போது கை நின்றது.
ஏழு பாகை, பதினேழு கலை.
எங்கள் வீட்டுக் கூரைக்கும் அதே எண்தான்.
கையெழுத்து என்னுடையது.

லீவில் வந்த ஒன்பதாம் நாள்.
வாடை பிறந்திருந்தது.
சுபஹுக்கு முன் கடற்கரையால் நடந்து பள்ளிக்குப் போனேன்.
ஹவுளடியில் காலை நீட்டியபோதுதான் கண்டேன்:
இடது குதிகாலில்
ஒரு ரூபாக் குற்றி அளவு தார்.
தண்ணீர் ஊற்றினேன். உருண்டு ஓடியது.
தண்ணீர் தொடாத தோல் இருந்தால்
ஒளு கூடாது.
பத்து இலட்சத்தில் எத்தனை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கல்லில் தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன்.
உள்ளே இகாமத் சொல்லிவிட்டார்கள்.
விரலை முகர்ந்தேன்.
எந்தக் கப்பலுடையது என்று எவனாலும் சொல்ல முடியாது,
இந்த வழியால் எத்தனையோ போகின்றன,
மே மாதம் விட்டது நவம்பரில் வராது,
நீரோட்டம் அப்படியில்லை.
இரண்டு, மூன்று, இரண்டு.

விடிந்தபோது கரைவலை ஏறிக்கொண்டிருந்தது.
மடியில் கீரி கொஞ்சம், தார்க்கட்டி கொஞ்சம்.
சம்மாட்டி இஸ்மாலெவ்வை
வலை துடைக்கப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்திருந்தார்.
என் காலைக் கண்டு துணியில் ஊற்றித் தந்தார்.
"நீங்க கப்பல்ல போற ஆள்தானே.
இது எங்கால வாற?"
"கடல் பெரிசு, காக்கா. சொல்லேலா."
ஓமெண்டு தலையாட்டினார்,
படித்தவன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்பதுபோல.
மண்ணெண்ணெய்க்குக் காசு நீட்டினேன்.
வாங்கவில்லை.

சுபஹைக் களாவாகத் தொழுதேன்.
குதிகால் எரிந்தது.
ஸுஜூதில் என் விரல்களே மணத்தன.

பின்னேரம் ஏஜென்சியிலிருந்து பேசினார்கள்.
அதே கப்பல், அதே சீஃப், சம்பளம் கொஞ்சம் கூட.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
போனில் அந்த ஹோஸின் படம் இருக்கிறது.
அதில் ரொமெலின் கை தெரிகிறது. அவனுக்கு மூன்று பிள்ளைகள்.
என்னில் தெரிவது டோர்ச் வெளிச்சம் மட்டும்.
முறையிட ஓர் இலக்கம், மெஸ் சுவரில் ஒட்டியிருந்தது,
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.
அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

அஸ்கா பல் விழுந்த வாயால் கேட்கிறாள்:
"கடலுக்குப் போவமா வாப்பா?"

"செருப்பப் போடு மகள்" என்கிறேன்.
"கடலுக்கு ஆரு செருப்புப் போடுற?" என்கிறாள்.